மழைக்குப் பிறகு வந்த கையெழுத்து

கடலோர ஜெராமுக்குப் போய் மீன் வாங்கி வரட்டுமா என்று திருச்செல்வம் கேட்டார். சனிக்கிழமை வாங்கியதே இன்னும் குளிர்ப்பெட்டியில் கிடக்கிறது, முதலில் அதைத் தின்று தீருங்கள் என்றாள் அமராவதி. அப்புறம் குழம்பு சரியில்லை என்றால் தன்மேல் பழி போடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. தோட்டத்தின் பத்தாம் நம்பர் காட்டில் எல்லைக் கல்லை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்களாம், ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்த மீனைப் பற்றித்தான்.

பத்தேகாலுக்கு மழை பிடித்தது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெயில் அடித்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆள் வராததால் ஒன்றரை மணிக்கு அவளே தேடிக்கொண்டு போனாள்.

செம்பனை மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் மூன்று வெட்டு. மூன்றாவது வெட்டு எலும்புவரை இறங்கியிருந்தது. சட்டை தெப்பலாக நனைந்து, ரத்தம் மழைத்தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கால்வரை வழிந்திருந்தது. வலது கை மணிக்கட்டோடு இல்லை. அமராவதி அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அவர் முதுகுக்கடியில் கிடந்த ஓலைகள் சடசடவென்று முறிந்தன. அவள் அலறியதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. அந்தச் சடசடப்பு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

போலீஸ் பரிசோதனை முடித்து மறுநாள் கொடுத்த உடலைக் கட்டிலில் கிடத்தி, இறுதிச் சடங்குக்கு ஆள் கூப்பிடும் முன்பே ஒரு பத்திரம் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஆனைக்குழித் தோட்டத்தின் அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் இப்போது குடியிருக்கும் லயத்துக்கு எதிரிலேயே வீடு கட்டித் தருவதாகத் தோட்டத்தை வாங்கிய கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னது பத்திரம். குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் செயலாளர் திருச்செல்வம் ஒருவருக்கே உண்டு. பத்திரத்தின் அடியில் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது.

தோட்டம் தானாகவே கதையை முடித்துவிட்டது. விற்றான், வெட்டினார்கள். விற்ற கையைத் தனியாக வெட்டினார்கள்.

அன்று மாலையே வீட்டின்மேல் கல் விழுந்தது. ஒரு கல் சன்னலை உடைத்துக்கொண்டு வந்து பிணத்தின் காலடியில் உருண்டது. சங்கத் தலைவர் ஐயாவுதான் நடுவில் புகுந்து கூட்டத்தை விலக்கினார். செத்தவனோடு அது முடிந்தது, பொம்பளையை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படிச் சொன்னதில் அமராவதிக்கு நன்றிகூட இருந்தது. ஆனால் பாடை தூக்க ஆனைக்குழியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவளுடைய அண்ணன் தம்பிகள் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வந்து தூக்கினார்கள். கை இல்லாமலே எரித்தார்கள்.

அமராவதி கூப்பிட்டதன் பேரில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தனேஸ்வரி வந்தாள். போலீஸில் பதினாறு வருஷம் மோசடிப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ரவாங்கில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். கூடவே இருசப்பன். ஐம்பத்தாறு வயது, பழைய லோரி டிரைவர். அவளுடைய காரை ஓட்டுவது அவருக்குப் பாதி வேலை. வாயை ஓட்டுவது மீதி வேலை.

அமராவதி சுருக்கமாகச் சொன்னாள். மாலை நான்கு மணிக்குக் கம்பெனி வக்கீல் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்கப் போகிறார். அதற்குப் பிறகு வீடுகளும் போகும், அவர் பெயரும் போகும். வீடு போனால் வேறு கூரை தேடிக்கொள்ளலாம். தோட்டத்தை விற்றவன் என்ற பெயரோடு அவர் சாம்பலாகக் கிடப்பதை அவளால் தாங்க முடியாது.

இருசப்பன் உடைந்த சன்னலை எட்டிப் பார்த்தார். "நல்லா காத்து வருது தங்கச்சி. ரவாங்ல இதுக்குத்தான் ஏர்கான் போட்டு வச்சிருக்கோம்."

தனேஸ்வரி முறைத்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அமராவதியின் உதடு லேசாக அசைந்தது.

சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துத் தனேஸ்வரி பத்திரத்தைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சரி. வக்கீலும் தோட்டத்து ஜனங்களும் அந்தப் பச்சையைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். தனேஸ்வரி அதன்மேல் தட்டினாள். உள்ளே இன்னொரு பக்கம் விரிந்தது. கையெழுத்துக்கு ஆதாரமான சான்றிதழ்.

அது எப்படிக் கிடைக்கிறது என்று அமராவதி கேட்டாள். முதலில் சோடியாக இரண்டு சாவிகளை உண்டாக்க வேண்டும் என்றாள் தனேஸ்வரி. ஒன்று ரகசியம், உரியவர் கையை விட்டுப் போகாது. கையெழுத்துப் போடுவது அதுதான். மற்றது பொதுச் சாவி. பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண் எல்லாம் சேர்த்து, அந்தப் பொதுச் சாவியோடு ஒரு விண்ணப்பம் சான்றிதழ் கம்பெனிக்குப் போகும். பதிவு செய்யும் முகப்பில் இருக்கும் பதிவாளர், வந்திருப்பது இன்னார்தான் என்று பார்த்து உறுதி சொல்வார். கம்பெனி அதற்குமேல் தன் முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பும். இந்தப் பொதுச் சாவி இந்த ஆளுடையது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

"அட, இது கல்யாணப் பதிவு லா," என்றார் இருசப்பன். "சோடி வேணும், சாட்சி வேணும், முத்திரை வேணும். மாப்பிள்ளை நேர்ல வந்தாரான்னு எவனும் கேக்கல, அவ்வளவுதான்."

"அதைத்தான் கேக்கப் போறோம் அண்ணே," என்று தனேஸ்வரி திரையைத் திருப்பிக் காட்டினாள். சான்றிதழ் வழங்கப்பட்டது செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பத்திரண்டு.

அமராவதி எழுந்துபோய்ப் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாவிக்குச்சியை எடுத்து வந்தாள். அவருடைய ரகசியச் சாவி அதற்குள்தான் இருந்தது. போன வருஷம் மார்ச் மாதம் அவரே நேரில் போய் வாங்கியது. போன மாதம் அவர் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பைத் தனேஸ்வரி திறந்து பார்த்தாள். அதில் இருந்தது அந்தப் பழைய சான்றிதழ். கொலை நடந்த அன்று வந்தது வேறொன்று.

தனேஸ்வரி வாசலுக்குப் போய் யாருடனோ பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். சான்றிதழ் கம்பெனியில் அவளுக்குத் தெரிந்தவர் இருந்தார். புதுச் சான்றிதழ் கேட்டதற்கான காரணம், பழைய குச்சி தொலைந்துவிட்டது. விண்ணப்பம் வந்த நேரம் பத்து நாற்பத்தொன்பது. ஐசி சரிபார்க்கப்பட்டது. வலது கட்டைவிரல் ரேகை ஐசியில் பதிந்திருந்ததோடு பொருந்தியது. விண்ணப்பதாரர் நேரில் வந்தார். பதிவு முகப்பு, ஆனைக்குழித் தோட்டம்.

"குச்சி பீரோவில இருக்கு. தொலைஞ்சதுன்னு அவரே எழுதிக் குடுப்பாரா?" என்றாள் அமராவதி. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவருடைய பர்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. ஐசி மட்டும் இல்லை. எங்காவது விழுந்திருக்கும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மூவரும் ஆனைக்குழியின் பதிவு முகப்புக்குப் போனார்கள். அது பழைய பால் ஸ்டோரில் இருந்தது. ரப்பர் காலத்தில் பால் அளந்த இடம். சுவரில் இன்னும் இரும்புக் கொக்கிகள், மூலையில் பால் வாளி சுமந்த காண்டாக்கம்புகள். அதைக் கவனித்துக்கொள்பவர் செல்லையா. முப்பது வருஷம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஆனைக்குழியில் எந்த அலுவலக வேலை என்றாலும் ஜனங்கள் ஐசியை அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் எழுதுவார், நிரப்புவார், அனுப்புவார். டிஜிட்டல் சான்றிதழுக்கும் அப்படியே நடந்தது. ரப்பர் வளையம் போட்ட ஐசிக் கட்டை மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் 'நேரில் வந்தார்' என்று தட்டிவிடுவார். நேரில் போனவர் திருச்செல்வம் ஒருவர்தான். சான்றிதழ் கம்பெனி இதை மோப்பம் பிடித்து, இந்த ஜனவரியில் ஒரு ரேகைக் கருவியை அனுப்பி மேசையோடு திருகி முடுக்கச் சொன்னது. அதன் பிறகு ஐசி மட்டும் போதாது, கட்டைவிரலும் வர வேண்டும்.

செல்லையா மரியாதையாக நாற்காலி போட்டார். கைப்பேசியில் ஏதோ தட்டிவிட்டு, சங்க விஷயமாக யார் வந்தாலும் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்வது வழக்கம் என்றார். செவ்வாய்க்கிழமை திருச்செல்வம் வந்தாரா என்று தனேஸ்வரி கேட்டாள். வந்ததாகத்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்.

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் ஐயா. நீங்க பாத்தீங்களா?"

அவர் ஐசிக் கட்டை எடுத்து நேராக்கி வைத்தார். தனேஸ்வரியின் கண் மேசைமேல் போனது. தூசி படிந்த மேசை, சிலந்தி கட்டிய சுவர், எண்ணெய்ப் பிசுக்கேறிய விசைப்பலகை. செம்பனைக் குலை அறுத்த விரல்கள் நாளெல்லாம் அமுக்கும் ரேகைக் கருவி மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தது.

"இதை யாரு கழுவினது?"

"நான் இல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பாத்தேன், சோப்புப் போட்ட மாதிரி வாசம் அடிச்சுச்சு. தலைவர்தான் தொடைச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். இந்தக் கலவரத்துல அதுக்கப்புறம் யாரும் விரல் வைக்க வரல."

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

செல்லையா சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோலசிலாங்கூரில் அவருக்கு டயாலிசிஸ். ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த நாள்களில் தேடி வரும் ஜனங்கள் ஏமாந்து திரும்பக்கூடாது என்று ஐயாவு முகப்பில் உட்காருவார். பதிவாளரின் ஐசி இல்லாமல் கம்ப்யூட்டர் திறக்காது. ஆகவே தன் ஐசியையும் ரகசிய எண்ணையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

"ஊரே என்கிட்ட ஐசியக் குடுத்துச்சு," என்றார் செல்லையா. "நான் தலைவர்கிட்ட குடுத்தேன். இதுல என்ன தப்புன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

இருசப்பன் தாடையைச் சொறிந்தார். "சரி, தலைவருக்குப் பதிவாளர் ஐசி கிடைச்சாச்சு. செத்தவரோட ஐசியும் கிடைச்சாச்சு. விரலு? அதுக்கு ஆளு வரணுமே மேடம். வந்து விரலை வச்சுட்டு, திரும்பக் காட்டுக்குப் போயி வெட்டு வாங்கினாரா?"

அப்போதுதான் அமராவதியின் காதில் அந்தச் சடசடப்பு மறுபடி கேட்டது. நனைந்த ஓலை வளையும், முறியாது. சத்தம் போடாது. அவர் சட்டை நனைந்திருந்தது, சுற்றிலும் மண் சேறாகியிருந்தது. அவருக்கு அடியில் கிடந்த ஓலை மட்டும் அப்பளம்போல் நொறுங்கியது.

"ஓலை காஞ்சிருந்துச்சு," என்றாள். "அவருக்கு அடியில மழையே படல."

தனேஸ்வரி விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். மழை பிடித்தது பத்தேகாலுக்கு. அதற்கு முன்பே அவர் அங்கே விழுந்துவிட்டார். விண்ணப்பம் போனது பத்து நாற்பத்தொன்பதுக்கு. மேசையோடு முடுக்கிய கருவியைக் காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பட்டப்பகலில் பிணத்தை இங்கே கொண்டுவரவும் முடியாது.

அவள் குரல் தாழ்ந்தது. "கையெழுத்துப் போட்டதுக்காகக் கைய வெட்டல அக்கா. கையெழுத்துப் போடத்தான் வெட்டியிருக்காங்க."

செல்லையா அந்தப் பளபளக்கும் கருவியைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து வாந்தி எடுத்தார்.

"அதை மட்டும் கழுவினேன்," என்று வாசலில் குரல் கேட்டது. "அழுக்கா விட்டிருக்கணும்."

ஐயாவு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். கையில் பாராங் கத்தி. தோட்டத்தில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். குரலில் பதற்றமே இல்லை. அமராவதியை மட்டும் வெளியே போகச் சொன்னார், அவளோடு தனக்கு ஒரு தகராறும் இல்லை என்றார். அவள் நகரவில்லை.

"என்ன குடுத்தாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ரோட்டோரமா ரெண்டு கடைவீடு. அவன்கிட்ட பாதி தரேன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன், அமரா. முதல் வெட்டுலயே போயிருக்கணும். திரும்பிப் பாத்துட்டான்."

சொல்லி முடிக்கும் முன்பே பாராங் இறங்கியது. முதல் வீச்சு கம்ப்யூட்டரைப் பிளந்தது. கம்ப்யூட்டரைக் காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ, செல்லையா கையை நீட்டினார். இரண்டாவது வீச்சு அவர் தோளைத் திறந்தது. இருசப்பன் நாற்காலியோடு பாய்ந்தார். நாற்காலிக் கால் துண்டாகி, அவர் முன்கையிலும் வெட்டு விழுந்தது. தனேஸ்வரி ஐயாவுவின் இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளினாள். இருவரும் சிமெண்டுத் தரையில் ரத்தத்தில் வழுக்கி உருண்டார்கள். ஐயாவு மேலே வந்து, அவள் தொண்டையில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு பாராங்கை ஓங்கினார்.

அமராவதி மூலையிலிருந்த காண்டாக்கம்பை எடுத்து வீசினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பாராங் எங்கோ போய் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. தோளில் அடித்தாள், முழங்காலில் அடித்தாள், வாயில் அடித்தாள். பல் தெறித்தது. ஐயாவு கையை நீட்டி ஏதோ கெஞ்சினார். அந்தக் கையிலும் அடித்தாள். இருமிக்கொண்டே எழுந்த தனேஸ்வரி பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்த பிறகுதான் கம்பு நின்றது.

"போதும் அக்கா. இவன் உயிரோட வந்து சொல்லணும். இல்லேன்னா அண்ணன் பேரு திரும்பாது."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் கம்பைக் கீழே போட்டாள்.

செல்லையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரத்தம் மடியில் தேங்கியது. ஐசியை எடுத்துக் குடுத்தது நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை இருசப்பன் தன் சட்டையைக் கழற்றி அவர் தோளில் அழுத்திக்கொண்டிருந்தார். தன் கையிலும் ரத்தம் சொட்டியதை அவர் கவனிக்கவில்லை. யாராவது ஒரு நல்ல செய்தி சொன்னால் தேவலை, நாற்காலியோடு சண்டைக்குப் போவது தனக்கு இதுதான் முதல்தடவை என்று முனகினார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. செல்லையா ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையே மூன்று மணி பத்து நிமிஷத்துக்குச் சான்றிதழ் கம்பெனி அந்தப் பத்து ஐம்பத்திரண்டுச் சான்றிதழை ரத்து செய்தது. இறந்தவர் பெயரில் பெறப்பட்டது, வழங்கிய நொடியிலிருந்தே செல்லாது என்று குறிப்பு எழுதியது. பத்திரத்திலிருந்த பச்சைச் சரி சிவப்புக் குறுக்குக் கோடாக மாறியது. நான்கு மணிக்கு வக்கீல் பதிவு அலுவலகத்துக்குப் போகவே இல்லை.

போலீஸ் பால் ஸ்டோருக்குப் பின்னால் தோண்டி ஒரு மீன் ஐஸ் பெட்டியை எடுத்தது. அதற்குள் இருந்த கைக்குத் தனியாக ஒரு தகனம் நடந்தது. அன்று ஆனைக்குழியே வந்தது. கல் எறிந்தவர்களும் வந்தார்கள். தூக்குவதற்குப் பாடை இல்லை, ஒரு சிறிய பெட்டிதான். யார் தூக்குவது என்று ஆளுக்கு ஆள் முன்னால் வந்தார்கள். அமராவதி யாரிடமும் கொடுக்கவில்லை. தானே மடியில் வைத்துக்கொண்டு போனாள். சாம்பலை ஜெராம் கடலில் கரைத்தாள்.

அடுத்த வாரம் சான்றிதழ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். திருச்செல்வம் நேரில் போய் வாங்கிய முதல் சான்றிதழையும் முறைப்படி ரத்து செய்ய வேண்டும், மரணச் சான்றிதழின் நகலை இணைத்து ஒரு படிவம் அனுப்பினால் போதும் என்றாள். அமராவதி சரி என்றாள். படிவம் வந்தது. காரணம் என்ற இடத்தில் நான்கைந்து கட்டங்கள் இருந்தன. தொலைந்தது, திருடப்பட்டது, ரகசியச் சாவி வெளியானது, உரியவர் காலமானார். அவள் பேனாவை எடுத்தாள். கடைசிக் கட்டத்தின்மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

திருச்செல்வத்தின் சான்றிதழ் அடுத்த வருஷம் மார்ச் பதினான்காம் தேதிவரை செல்லும்.